இடது பாதி

ஊசி இரண்டும் ஏறிவிட்டன. நர்ஸ் என் இடது கையைத் தலையணைமேல் நீட்டி வைத்து, குழாய்களைப் பிளாஸ்திரி போட்டு ஒட்டிவிட்டு, "நாலு மணி நேரத்துக்கு இந்தக் கை உங்களோடது இல்ல, என்னோடது. அசைச்சீங்க, தொலைஞ்சீங்க," என்றாள். வாரத்துக்கு மூன்று நாள் டயாலிசிஸ், ஒன்றரை வருடமாக இதே வசனம்தான். பிறகு வழக்கம்போல, "இந்த வாரம் என்ன கேம்? எப்படி இருந்துச்சு?" என்று கேட்டாள். அவளுக்கு விளையாடத் தெரியாது, விளையாட நேரமும் கிடையாது. என் வாயைக் கிளறிவிட்டு வேடிக்கை பார்ப்பதில் அவளுக்கு ஒரு சந்தோஷம். நானும் சளைக்காமல் கொட்டுவேன்.

தோட்டம் போடும் கேம் ஒன்று. பார்க்க அழகு, பாட்டும் இதம், அவசரப்படுத்துவதில்லை. ஆனால் அந்தத் தோட்டக்காரன் களைத்துப்போகும்போதெல்லாம் கிணற்றடிக்குப் போய் மடக் மடக் என்று தண்ணீர் குடிக்கிறான். ஒரு நாளைக்கு இவ்வளவுதான் என்று அளந்து வைத்துத் தண்ணீர் குடிக்கிற என் கண்ணெதிரே! அவன் மேல் எனக்கு உண்மையாகவே கோபம் வந்தது. செடிகள் வாடினால் வாடட்டும் என்று மூடி வைத்துவிட்டேன். மீன்பிடிக்கிற கேம் ஒன்று வந்தது. தூண்டிலைப் போட்டுவிட்டு உட்கார்ந்திருக்க வேண்டும். உட்கார்ந்திருப்பதற்கு எனக்கு எதற்கு கேம்? அப்புறம் ஒரு கொலைக் கேஸ். பெரிய மாளிகை, எட்டுப் பேர், யார் கொன்றது என்று கண்டுபிடிக்க வேண்டும். பத்தே நிமிஷத்தில் ஆளைப் பிடித்துவிட்டேன். நான் கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்த்துப் பொருத்துகிறவள். தடித்த மைனஸ் கண்ணாடி போட்டால் கண் சின்னதாகத் தெரிய வேண்டும். அந்த மாளிகை மேனேஜருக்கு மட்டும் கண் அப்படியே முழுசாக இருந்தது. பவர் இல்லாத கண்ணாடி என்றால் வேஷம், வேஷம் என்றால் அவன்தான். "அக்கா, அது படம் வரைஞ்சவன் தப்பு. உனக்குக் குருட்டு அதிர்ஷ்டம்," என்றான் தம்பி. பொறாமை, வேறென்ன.

இந்த அபிப்பிராயங்களை முதலில் எழுதச் சொன்னதே அவன்தான். தம்பி பஸ் ஓட்டுகிறான். அவனோடு வேலை செய்யும் கண்டக்டர் வீட்டில் கேம்கள் குவிந்து கிடக்கின்றன, இரவல் வாங்கி வருவான். நான் ஆடிப் பார்த்து ஃபோனில் எழுதி அனுப்ப வேண்டும். இரண்டு டிரிப்புக்கு நடுவில், ஸ்டியரிங்கில் முழங்கையை ஊன்றிக்கொண்டு அவன் படிப்பான். ஒவ்வொன்றின் கடைசியிலும் ஒரு தீர்ப்பு உண்டு. 'ஒரு கை போதும்' அல்லது 'இரண்டு கை வேண்டும்'. இரண்டு கை கேட்பவை மறுநாளே திரும்பிப் போய்விடும்.

மலையேறுகிற பெண்ணின் கேமும் அப்படிப் போக வேண்டியதுதான். இரண்டு கை, திருப்பிக் கொடு என்று எழுதினேன். அவன் பதில் போடவில்லை. அடுத்த வியாழக்கிழமை, அவனுக்கு லீவு நாள், நேராக இங்கே வந்து என் இடது பக்கம் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தான். கையில் பிடித்து ஆடுகிற அந்த கேம் கன்சோலின் இரண்டு பக்கப் பிடிகளையும் கழற்றினான். வலதை என்னிடம் கொடுத்து, இடதை வைத்துக்கொண்டான். "நடக்கறது நான், குதிக்கறது நீ," என்றான்.

அன்றிலிருந்து வியாழக்கிழமைகளில் இந்த வார்டுக்கே பொழுதுபோக்கு நாங்கள்தான். "குதி, குதி!" என்று அவன் கத்துவான். "முதல்ல நீ நில்லுடா!" என்று நான் கத்துவேன். இத்தனை பெரிய பஸ்ஸை அத்தனை பொறுமையாக ஓட்டுகிறவன், ஒரு சின்னப் பெண்ணைப் பாறை விளிம்பில் நிறுத்தத் தெரியாமல் திண்டாடுவான். அவள் நாற்பது தடவை விழுந்து நாற்பத்தோராம் தடவை ஏறுவாள். அப்படிச் சிரித்து எனக்கு எத்தனையோ காலமாகியிருந்தது.

மூன்று வாரத்துக்கு முன்னால் அது கெட்டது. என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் தம்பி எல்லாச் சோதனைகளையும் செய்து முடித்திருந்தான். டாக்டர் எங்கள் இருவரையும் உட்காரவைத்து, அவனுடைய சிறுநீரகம் எனக்கு நன்றாகப் பொருந்துகிறது, அவனும் கொடுக்கத் தயார் என்றார். தம்பி என் பக்கம் திரும்பிச் சிரித்தான். அவன் வாயைத் திறப்பதற்கு முன்பே நான் முந்திக்கொண்டேன். "வேண்டாம் டாக்டர். இவனுக்குக் கல்யாணமாயிடுச்சு, நாலு வயசுல பொண்ணு இருக்கா. இவன் சம்சாரம் ஒத்துக்க மாட்டா." தம்பி முகம் சுருங்கிப் போயிற்று. தலையைக் குனிந்துகொண்டான். ஒரு மாதத்துக்குள் யோசித்துச் சொல்லுங்கள் என்றார் டாக்டர்.

அதற்குப் பிறகும் தம்பி வந்தான், இடது பாதியைப் பிடித்தான். ஆனால் கத்தவில்லை. அந்தப் பெண்ணை அடிமேல் அடி வைத்து, விழாமல், பத்திரமாக நடக்கவைத்தான். விளையாட்டு வேலையாகிவிட்டது. எனக்கு அழுகை வந்தது.

இன்றும் வியாழக்கிழமை. கதவைத் திறந்துகொண்டு வந்தது தம்பி இல்லை, அவன் மனைவி. குழந்தைகள் காப்பகத்தில் வேலை பார்க்கிற பெண், வேலை நாளில் இங்கே என்ன?

"அவருக்குத் திடீர்னு டூட்டி போட்டுட்டாங்க அண்ணி. நடக்க ஆள் வேணும், நீ போன்னு சொன்னாரு. நானும் லீவு சொல்லிட்டு வந்துட்டேன்."

ஸ்டூலின் நுனியில் உட்கார்ந்து கைப்பையை மடியில் வைத்துக்கொண்டாள். கல்யாணமாகி ஆறு வருடத்தில் நாங்கள் சண்டை போட்டதில்லை. பேசியதும் இல்லை. சாப்பிட்டீங்களா அண்ணி, சாப்பிட்டேன்மா, பாப்பா நல்லா இருக்காளா, இருக்கா அண்ணி. அதோடு இருப்பு தீர்ந்துவிடும். நான் வேண்டாம் என்று சொன்னதற்கு நன்றி சொல்லத்தான் வந்திருக்கிறாள் என்று நினைத்தேன். அதனாலென்னம்மா என்று பெருந்தன்மையாகச் சொல்வதற்குக்கூடத் தயாராகிவிட்டேன்.

அவள் நன்றி சொல்லவில்லை. இடது பாதியைக் கையில் வாங்கி, குச்சியை ஒரே தள்ளாகத் தள்ளினாள். மலைப்பெண் விடுவிடுவென்று நடந்து பள்ளத்தில் விழுந்தாள். "ஐயோ, மன்னிச்சுக்கோடி!" என்று திரையைப் பார்த்து மன்னிப்புக் கேட்டாள். மறுபடியும் விழுந்தாள். மறுபடியும் மன்னிப்பு. ஏழாவது தடவையில் கைப்பை மடியிலிருந்து நழுவித் தரையில் கிடந்தது, அவள் கவனிக்கவில்லை. எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

பனி மூடிய ஒரு மரப்பாலம் வந்தது. பாதிப் பாலத்தில் அவள் விரலை எடுத்துவிட்டாள். மலைப்பெண் அப்படியே நின்றாள்.

"நடம்மா. பலகை ஆடுது பாரு."

அவள் திரையைவிட்டுக் கண்ணை எடுக்காமலே, "வேணாம்னு நான் எப்ப சொன்னேன் அண்ணி?" என்றாள்.

"டாக்டர்கிட்ட சொன்னீங்களாமே, அவ ஒத்துக்க மாட்டான்னு. நான்தான் உங்ககிட்ட ரகசியமா வந்து வேணாம்னு அழுதேன்னு அவரு நெனச்சுக்கிட்டிருக்காரு. மூணு வாரமா என்கிட்ட மூஞ்சி கொடுத்துப் பேசல. நானும் என்னமோ உடம்பு சரியில்லன்னு நெனச்சேன். நேத்துதான் வாயத் தொறந்தாரு."

"நீ பாவம்னுதாம்மா நான்…"

"பயமா இருக்கு. இல்லேன்னு பொய் சொல்ல மாட்டேன். அவர உள்ள அனுப்பிட்டு வெளிய உக்காரணும்னு நெனச்சா ராத்திரி தூக்கம் வரல. டெஸ்டுக்குப் போறேன்னு சொன்னப்பவே பாப்பாவக் கட்டிக்கிட்டு ரெண்டு நாள் அழுதேன். அழுது முடிச்சுட்டு, சரி போங்கன்னு அனுப்பினதும் நான்தான். என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல?"

கேட்டிருக்கலாம். ஒரு ஃபோன் போதும். ஏன் கேட்கவில்லை என்பது எனக்கு அப்போதே தெரியும். கேட்டால் அவள் சரி என்று சொல்லிவிடுவாளோ என்றுதான் கேட்கவில்லை. தம்பியின் உடம்பைக் கிழித்து எடுத்ததை என் உடம்பில் வைத்துக்கொண்டு, அவனுக்கு நாளைக்கு ஒரு தலைவலி வந்தால்கூட என்னால்தானோ என்று காலம் முழுக்கக் குமைய வேண்டும். அதற்கு எனக்குத் தைரியம் இல்லை. அதைச் சொல்ல வெட்கப்பட்டு, அவள் பெயரைப் போட்டு நான் கையெழுத்து வைத்துவிட்டேன். ஆறு வருடமாக என்னிடம் சாப்பிட்டீங்களா என்று மட்டுமே கேட்ட பெண்ணை அவள் புருஷன் முன்னாலேயே கெட்டவளாக்கிவிட்டேன்.

"பயந்தது நான்மா," என்றேன். "உன் பேரைச் சொல்லித் தப்பிச்சேன். அவன்கிட்ட நானே சொல்றேன். என்னை மன்னிச்சுடு."

அவள் புறங்கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "சரி, நடக்கறேன். ஒழுங்காக் குதிங்க," என்றாள். நான் சரியாகக் குதிக்கவில்லை, கண்ணீர் கண்ணை மறைத்திருந்தது. இருவருமாகச் சேர்ந்து அந்தப் பெண்ணைப் பள்ளத்தில் தள்ளினோம். அழுதுகொண்டிருந்தவள் களுக்கென்று சிரித்துவிட்டாள். நானும் சிரித்ததில் இடது கை அசைந்து, மெஷின் வீல் வீல் என்று கத்த, நர்ஸ் ஓடிவந்து எங்கள் இரண்டு பேரையும் சின்னப் பிள்ளைகளைத் திட்டுவதுபோல் திட்டினாள்.

நாலு மணி நேரம் ஆனதும் ஊசிகளை உருவி எடுத்தார்கள். அதற்கப்புறம் பத்து நிமிஷம் பஞ்சை வைத்து விடாமல் அழுத்த வேண்டும், இல்லாவிட்டால் ரத்தம் பீறிடும். எப்போதும் நானே வலது கையால் அழுத்திக்கொள்வேன். இன்றைக்கு நான் கையைக் கொண்டுபோவதற்குள் அவள் பஞ்சின்மேல் கட்டைவிரலை வைத்துவிட்டாள்.

"இப்படியா? இன்னும் அழுத்தணுமா?"

"இவ்வளவு போதும்."

அவளுடைய மற்ற விரல்கள் என் மணிக்கட்டில் பட்டிருந்தன. திடுக்கிட்டுப் பார்த்தாள். "என்ன அண்ணி, உள்ள ஏதோ கிர்ருனு ஓடுது?"

"ரத்தம்தாம்மா. ஊசி போடறதுக்காக ரெண்டு ரத்தக்குழாயைச் சேத்துத் தச்சு வச்சிருக்காங்க. எப்பவும் அப்படித்தான் ஓடும்."

அவள் விரல்களை எடுக்கவில்லை. இன்னும் கொஞ்சம் பதித்து வைத்து, தலையைச் சாய்த்து, காதால் கேட்பதுபோல் அதைக் கவனித்தாள். எங்கோ பார்த்துக்கொண்டு, "அவனுக்கு எத்தனை நாள் லீவு கொடுப்பாங்க?" என்று கேட்டேன்.

அவள் நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தாள்.

நர்ஸ் வந்து கடிகாரத்தைப் பார்த்தாள். "பத்து நிமிஷம் ஆச்சுங்க. போதும், விடலாம்," என்றாள்.

அவள் விடவில்லை.