ஹார்ஸ்லி ஜங்ஷனில் பார்க்க வேண்டியவை

1

இது கதையாகப் பிறக்கவில்லை. எங்கள் ஊரின் வரலாறு, பார்க்க வேண்டிய இடங்கள் என்று சுற்றுலாக் கையேட்டுக்கு அரைப் பக்கம் கேட்டார்கள். எழுத உட்கார்ந்தேன்.

ரயில் வந்தது, ஊர் பிறந்தது. செங்கல் வீட்டு வரிசைகளும், பழைய ரயில் பட்டறையில் இன்று இயங்கும் அருங்காட்சியகமும்...

(இது இப்படியே கிடக்கட்டும். அருங்காட்சியகம் என்றதுமே டெஸ் டக்வெல் உள்ளே வந்துவிட்டார். அப்புறம் எங்கே கையேடு?)

2

டெஸ் எழுபதைத் தாண்டியவர். அந்தப் பட்டறையில் ரயில் பெட்டிச் சுவர்களுக்குள் ஆஸ்பெஸ்டாஸ் பூசியவர். இப்போது அதே இடத்தை, சம்பளமில்லாமல், வருகிறவர்களுக்குச் சுற்றிக் காட்டுகிறார். மனைவி மோரீன் அங்கேயே டீக்கடை பார்க்கிறார்.

கூட வேலை செய்தவர்களில் பாதிப் பேரை அந்தத் தூசி தந்த நெஞ்சு நோய் கொண்டுபோய்விட்டது. போன மாதம் டெஸ்ஸுக்கும் மூச்சு வாங்கியது. ஆஸ்பத்திரியில் நெஞ்சைப் படம் எடுத்தார்கள். முடிவை இன்று போனில் சொல்வார்கள். போனை மோரீனிடம் தள்ளிவிட்டு டெஸ் வேலையைப் பார்க்கப் போய்விட்டார்.

"ஆஸ்பெஸ்டாஸ் ஈரமா இருக்கும்போதே உருண்டை பிடிச்சு ஒருத்தன் மேல ஒருத்தன் எறிவோம். ஜூலை மாசத்துல பனிப்பந்து!"

டெஸ் சொன்னதும் சுற்றிப் பார்க்க வந்தவர்கள் சிரித்தார்கள். ஒரு பெண் அங்கிருந்த தொழிலாளி பொம்மையின் முகமூடியைக் காட்டி, "நீங்களும் இத மாட்டிக்கிட்டுத்தான் செஞ்சீங்களா?" என்றாள்.

"இல்லம்மா. பொம்மைக்கு மட்டுந்தான் குடுத்தாங்க."

"போதும் கிழவா! அவங்க டீ குடிக்க வேணாமா?" என்றார் மோரீன். ஒரு கை ஏப்ரன் பைக்குள், போன் மேலேயே இருந்தது.

3

போன் அடித்ததும் மோரீன் கோப்பையைக் கீழே போட்டார் என்று முதலில் எழுதினேன். அந்த வரியை அடித்துவிட்டேன். டீக்கடையில் பழகிய கை, போடாது.

அடுத்து டெஸ்ஸைச் சாகடித்தேன். அதே பட்டறைத் தெருவில் வளர்ந்தவன் நான். அங்கே அதுதான் வழக்கம், பொய் என்று ஒருவரும் சொல்ல மாட்டார்கள். ஆனால் சில பேர் பிழைத்தார்களே? அதுவும் நிஜம்தான். அதை எழுதத்தான் கை வரவில்லை.

4

போன் அடித்தது.

"ம்... ம்... இன்னொரு தடவ சொல்லுங்கம்மா."

பிறகு பட்டறை அதிர ஒரு கத்தல்: "டெஸ்! புத்துநோய் இல்லையாம்யா! பழைய தழும்புதானாம்!"

டெஸ் வந்து நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தார்.

"அப்ப ஏன் மூச்சு வாங்குது?"

"குனிஞ்சு தொப்பையப் பாரு."

"மெதுவாச் சொல்லக் கூடாதா? எல்லாரும் பாக்கறாங்க."

"பாக்கத்தானே வந்திருக்காங்க!"

அந்தப் பெண் கைதட்டினாள். மோரீன் நீட்டிய கேக்கை வாயில் வைத்துக்கொண்டு சிரித்த டெஸ்ஸுக்கு இருமல் வந்தது. எல்லோரும் அப்படியே நின்றுவிட்டார்கள்.

"அட, கேக்குத்தூளுங்க," என்றார் டெஸ்.

5

அடுத்த வருஷம் மறுபடி படம் எடுக்கணும் என்றும் போனில் பேசிய நர்ஸ் சொல்லியிருந்தார். மோரீன் அதை இன்னும் டெஸ்ஸிடம் சொல்லவில்லை. நானும் அந்த வருஷத்தை எழுதப் போவதில்லை. முடிவு வேண்டுமென்றால் நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் அவசரப்படாதீர்கள். டெஸ் இரண்டாவது கேக் துண்டுக்குக் கை நீட்டுகிறார், மோரீன் தட்டை அவர் பக்கம் தள்ளுகிறார்.