பின்னங்காலில் விழுந்த உதை

பெட்டியைத் தூக்க வலது காலை முன்னால் வைத்தேன். 'பட்'டென்று ஒரு சத்தம். இடது குதிகாலுக்கு மேலே யாரோ ஓங்கி உதைத்தார்கள். விழுந்தபடியே திரும்பிப் பார்த்தேன். அந்த நீளமான கிடங்கில், நாங்கள் நெட்டை என்று கூப்பிடும் சக தொழிலாளியைத் தவிர யாருமில்லை. பத்தடி தள்ளி, கையில் ஒட்டுகிற டேப்போடு, முகம் வெளிறி நின்றிருந்தான்.

ஒன்பது வருஷமாக ஒரே ஷிஃப்ட் பார்ப்பவர்கள் நாங்கள். அன்று காலையில்தான் லீவு விஷயமாக இருவருக்கும் வாய்ச்சண்டை. "இவன்தான் உதைச்சான்!" என்று, சத்தம் கேட்டு ஓடிவந்த எல்லோர் முன்னாலும் கத்தினேன். நெட்டை மறுத்து ஒரு வார்த்தை பேசவில்லை. மேலாளருக்கு அதுவே போதுமாயிருந்தது. மாலைக்குள் அவனுக்கு வேலை போயிற்று.

ஆஸ்பத்திரியில் டாக்டர் என்னைக் குப்புறப் படுக்கவைத்துக் கெண்டைக்காலை அழுத்தினார். பாதம் அசையவே இல்லை.

"குதிகால் தசைநார் அறுந்திருக்கு. யாரோ உதைச்ச மாதிரி இருந்துச்சா?"

"மாதிரியா? உதைச்சான் சார்."

அவர் சிரித்தார். "இது அறுந்தா நிறைய பேர் அப்படித்தான் சொல்வாங்க. திரும்பிப் பார்த்தா யாரும் இருக்க மாட்டாங்க."

ஆபரேஷன், கட்டு, ஊன்றுகோல் என்று மூன்று மாதம் ஓடியது. கட்டுப் பிரித்தபோது கெண்டைக்கால் சூம்பி, வேறு யாருடையதோ போலிருந்தது. மேலாளருக்குப் போன் செய்து உண்மையைச் சொன்னேன். வேறு ஆள் போட்டாயிற்று என்றார். "அவன் மூஞ்சிய பாத்து ஒரு வார்த்தை சொல்லிட்டு வாங்க" என்று மனைவி நச்சரித்தாள்.

நெட்டை இருந்தது மூன்றாவது மாடி. மூச்சு வாங்க ஏறிப் போனேன். கதவைத் திறந்தவன் நாற்காலியை இழுத்துப் போட்டான்.

"தப்பு என்மேலதான்டா. அது தானா அறுந்திருக்கு. யாரும் உதைக்கல."

அவன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"நான் உதைக்கலண்ணே."

"அதைத்தான்டா சொல்றேன். யாருமே..."

"நான் உதைக்கலன்னு மட்டும்தான் சொல்றேன்."

வெயில் கொளுத்தும் மதியத்தில் எனக்கு முதுகு சில்லிட்டது. "அன்னைக்கு ஏன்டா வாயத் தொறக்கல?"

"பாத்தத சொன்னா பைத்தியம்னு சொல்லியிருப்பாங்க. வேலை போனா போகுதுன்னு விட்டுட்டேன்."

என்ன பார்த்தாய் என்று நான் கேட்கவில்லை. டாக்டர் சொன்னதையே மனசுக்குள் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டு எழுந்தேன்.

மாடிப்படி வரை வந்தான். கைப்பிடியைப் பற்றிக்கொண்டு ஒவ்வொரு படியாக இறங்கினேன். பாதி வழியில் நிமிர்ந்து பார்த்தேன். நெட்டை மேலேயே நின்றிருந்தான். அவன் கண்கள் என்மேல் இல்லை. எனக்கு இரண்டு படி பின்னால், யாருமில்லாத இடத்தில் பதிந்து, ஒவ்வொரு படியாகக் கீழே இறங்கிக்கொண்டிருந்தன.