முதல் புருஷன் பெயர்

லுப்பர்ட்டுக்கு ஒரு செத்த மனிதன்மேல் பொறாமை. உயிரோடு இருப்பவன் என்றால் சண்டை போடலாம், கோர்ட்டுக்கு இழுக்கலாம், அவன் வேலியைப் பிடுங்கிப் போடலாம். செத்தவனை என்ன செய்வது? அவனுக்கு வயதாகாது, தொப்பை விழாது, குடித்துவிட்டு நாலு பேர் முன்னால் உளறவும் மாட்டான்.

அந்தச் செத்தவன் பெயர் வெஸல். கடல் தாண்டிய டச்சுக் குடியேற்றமான எஸோபஸில் ஆற்றோரம் முதன்முதலில் கோதுமை விதைத்தவர்களில் ஒருவன். பனி உருகும் பருவத்தில் படகு கவிழ்ந்து போய்ச் சேர்ந்தான். அவன் மனைவி ஹில்லெயை ஒரு வருடம் கழித்து லுப்பர்ட் கட்டிக்கொண்டான். ஹாலந்திலிருந்து கப்பலேறி வந்தபோது லுப்பர்ட்டிடம் இருந்தவை ஒரு மாற்றுச் சட்டையும் நாலு தச்சு உளிகளும்தான். கல்யாணத்தோடு வீடு வந்தது, பண்ணை வந்தது, மாடுகள் வந்தன. கூடவே வெஸலும் வந்தான்.

எங்கள் வம்சத்தில் இந்த மண்ணில் முதலில் கால் வைத்தவன் இந்த லுப்பர்ட்தான். மூதாதை என்பதற்காக அவனைத் தூக்கிவைத்துப் பேசப்போவதில்லை. நல்ல உழைப்பாளி, ஆனால் வயிற்றெரிச்சல்காரன். ஊரார் அவன் உழுத நிலத்தை 'வெஸல் பண்ணை' என்றார்கள். அவன் தீனி போட்டு வளர்த்த குதிரையை 'வெஸலோட குதிரை' என்றார்கள். அடுப்பருகே இருந்த நாற்காலி வெஸலின் உயரத்துக்குச் செய்தது. அதில் உட்கார்ந்தால் லுப்பர்ட்டுக்குக் கால் தரையில் பாவாது. ஒருநாள் கடுப்பில் ரம்பத்தை எடுத்து நாற்காலியின் கால்களை ஒரு சாண் அறுத்தே விட்டான்.

ஹில்லெ வந்து பார்த்தாள். ஒன்றும் சொல்லாமல் மரத்தூளைப் பெருக்கி அள்ளிக்கொண்டு போனாள். பழைய புருஷனை நினைத்து மனதுக்குள் அழுகிறாள் என்று லுப்பர்ட் முடிவு கட்டினான். அவள் வெஸலைப் பற்றி வாயே திறப்பதில்லை. மறந்தவள் என்றால் ஒரு தடவையாவது பேச்சுவாக்கில் பெயர் வராதா? வாயில் வைத்துப் பேச முடியாத அளவுக்கு அவனை நெஞ்சில் பூட்டி வைத்திருக்கிறாள். இப்படி நினைத்து நினைத்தே மனிதன் இளைத்துப் போனான்.

கல்யாணமாகி இரண்டாம் குளிர்காலத்தில் ஹில்லெ ஆண்பிள்ளை பெற்றாள். பிறந்தது தன் பிள்ளை என்று லுப்பர்ட் துள்ளிக் குதித்தது அரைநாள்தான். பிறகு வழக்கம் நினைவுக்கு வந்தது. விதவை மறுமணம் செய்துகொண்டால், அடுத்துப் பிறக்கும் முதல் ஆண்பிள்ளைக்கு இறந்துபோன முதல் புருஷன் பெயரைத்தான் வைக்க வேண்டும். எங்கள் டச்சு சனங்கள் அதை வேதவாக்காக வைத்திருந்தார்கள். லுப்பர்ட்டோ பிள்ளைக்குத் தன் அப்பா பெயரான கோஸன் என்பதை எப்போதோ மனதில் எழுதி வைத்துவிட்டான்.

பிள்ளை பிறந்த ஆறாம் நாள் பாதிரியார் ஆல்பனியிலிருந்து வந்து சேர்ந்தார். அவரை விட்டால் அடுத்த ஞானஸ்நானத்துக்கு அறுவடைவரை காத்திருக்க வேண்டும். பிள்ளை பெற்றவள் படுக்கையை விட்டு எழக்கூடாது என்பதால், தகப்பன்தான் கோயிலில் நின்று பெயர் சொல்ல வேண்டும். ஞானஸ்நானத்துக்கு முந்தைய நாள் சாயங்காலம் வீடு நிறையப் பெண்கள். முட்டையும் சர்க்கரையும் கலந்த சூடான ஒயினைக் குடித்துக்கொண்டு பிள்ளையின் மூக்கு யாரைப்போல என்று விவாதித்துக் கொண்டிருந்தார்கள். அவர்களுக்கு நடுவில், கால்மேல் கால் போட்டு வெஸலின் தங்கை ஆல்த்யா. லுப்பர்ட் கட்டிலருகே குனிந்து, என்ன பெயர் சொல்லட்டும் என்று மெதுவாகக் கேட்டான்.

ஹில்லெ நாத்தனாரை ஒருமுறை பார்த்துவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"வழக்கம் என்னன்னு ஊருக்கே தெரியும். கோயில்ல நிக்கப்போறது நீங்க. உங்க மனசுக்கு எது வருதோ சொல்லிட்டு வாங்க."

லுப்பர்ட்டின் காதில் முதல் வாக்கியம் மட்டும்தான் ஏறியது.

மறுநாள் காலை பனியில் கோயிலுக்கு நடந்தார்கள். ஞானத்தாயாக ஆல்த்யா பிள்ளையைப் போர்வைக்குள் வைத்துத் தூக்கி வந்தாள். லுப்பர்ட் அடிக்கு ஒருதரம் 'கோஸன், கோஸன்' என்று வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தான். எவன் என்ன சொன்னாலும் சரி, பிள்ளை என்னுடையது.

கோயில் வாசலில் ஆல்த்யா நின்று திரும்பினாள்.

"என்ன தம்பி, எங்கண்ணன் பேரு வாயில வருமா, தொண்டையில சிக்கிக்குமா? நீ சொல்ல மாட்டேன்னு ஊர்ல பந்தயமே கட்டியிருக்காங்க. செத்தவனப் பாத்துப் பயந்து நடுங்குற ஆம்பளைய நான் இப்பத்தான் பாக்குறேன்."

பின்னால் வந்த இரண்டு பேர் இருமுவதுபோலச் சிரித்தார்கள். லுப்பர்ட்டின் காது மடல் சிவந்தது. நாம் படுகிற பொறாமை நமக்கு மட்டும்தான் தெரியும் என்று நினைத்திருந்தான், பாவம். நாற்காலியின் காலை அறுத்தது உட்பட எல்லாம் ஊருக்குத் தெரிந்திருந்தது.

பாதிரியார் தண்ணீர்க் கிண்ணத்தின்மேல் கையை வைத்துக்கொண்டு பெயரைக் கேட்டார். தலைகள் எல்லாம் ஒன்றாகத் திரும்பின. பயமா? எனக்கா? யாருக்குப் பயம் என்று காட்டுகிறேன். பொறாமையை மறைக்க வேண்டும் என்ற வெறியில், கடைசி பெஞ்சுவரை கேட்கும்படி அவன் சொன்னான்.

"வெஸல்."

தண்ணீர் விழுந்தது, பிள்ளை வீறிட்டது, பாதிரியார் பதிவேட்டில் எழுதிவிட்டார். அதற்குமேல் அரசரே வந்தாலும் மாற்ற முடியாது. வெளியே ஆளாளுக்கு லுப்பர்ட்டின் முதுகில் தட்டிக் கொடுத்தார்கள். ஆல்த்யாகூட, பரவாயில்லையே, பெரிய மனசுதான் என்றாள். அந்த ஊரில் அவனுக்குக் கிடைத்த முதல் மரியாதை அது. நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வீட்டுக்கு நடந்தான். ஹில்லெ சந்தோஷத்தில் அழுவாள் என்று நினைத்தபோது அந்தச் சந்தோஷத்தின்மேலும் கொஞ்சம் எரிச்சல் வந்தது.

ஆல்த்யா பிள்ளையைக் கட்டிலில் கிடத்திவிட்டுப் போகும்வரை ஹில்லெ பேசவில்லை. கதவு சாத்தியதும் கேட்டாள்.

"என்ன பேரு சொன்னீங்க?"

"வெஸல்."

"விளையாடாதீங்க."

"உனக்காகத்தான் சொன்னேன். பல்லைக் கடிச்சிக்கிட்டுச் சொன்னேன்."

அவள் முகத்தில் ரத்தம் வற்றியது. சொல்ல மாட்டீர்கள் என்றுதானே நம்பிக்கொண்டிருந்தேன் என்றாள். வேண்டாமென்று அவளே சொன்னால் வெஸலின் குடும்பம் அவளைச் சும்மா விடுமா? புருஷன் மாற்றி வைத்தால், பொறாமை பிடித்தவன் என்று நாலு நாள் திட்டிவிட்டு ஓய்ந்து போவார்கள். இந்த ஊரிலேயே பெரிய பொறாமைக்காரன் தனக்குப் புருஷனாக வாய்த்திருக்கிறான் என்று அவள் நிம்மதியாகப் படுத்திருந்தாளாம்.



"ஆறு வருஷம்," என்றாள் ஹில்லெ. "வாசல்ல அந்த ஆளோட மரச்செருப்புச் சத்தம் கேட்டா, சட்டியக்கூடச் சத்தமில்லாம இறக்குவேன். படகு கவுந்துருச்சுன்னு வந்து சொன்னாங்களே, அன்னிக்கு நான் மொதல்ல என்ன செஞ்சேன் தெரியுமா? உக்காந்து வயிறாரச் சூடா கூழ் குடிச்சேன்."

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?"

"நீங்க கேட்டீங்களா? அவன் எப்படி, அவன் உசரம் எவ்வளவுன்னு ஊர்ல ஒருத்தர் விடாம விசாரிச்சீங்க. கூடப் படுத்தவகிட்ட ஒரு நாள் கேட்டீங்களா?"

பிள்ளை சிணுங்கியது. அவள் அதை எடுத்து மார்பில் போட்டுக்கொண்டாள். கொஞ்சுவதற்கு வாயைத் திறந்தவள் அப்படியே மூடிக்கொண்டாள்.

அதன் பிறகு சாகும்வரை அவள் அந்தப் பிள்ளையை 'மகனே' என்றுதான் அழைத்தாள், பெயர் சொன்னதே இல்லை. ஆற்றோரம் விளையாடப் போகிறவனைச் சாப்பிடக் கூப்பிடும் வேலை லுப்பர்ட்டின் தலையில் விழுந்தது. ஒவ்வொரு சாயங்காலமும் வாசலில் நின்று, ஊர் கேட்க, வெஸலை வீட்டுக்குள் வரச்சொல்லி அவன் தன் வாயாலேயே கூப்பிட்டுக்கொண்டிருந்தான்.