மாப்பிள்ளையின் பின்னால் மூன்று நாள்

பூட்டுக்கடைக்காரரைக் கேட்டால் உலகத்தில் இரண்டே வகை மனிதர்கள்: திருடியவர்கள், இன்னும் திருடாதவர்கள். முப்பது வருடம் பூட்டு பார்த்துப் பழகிய கண் என்பார். பிறவியிலேயே அந்தக் கண் அப்படித்தான் என்று தெருவுக்குத் தெரியும். அவர் மனைவியோ வழி கேட்டு வந்தவரையும் உட்கார வைத்துச் சோறு போடுகிற ரகம்.

இப்படிப்பட்டவரிடம்தான் மகள், மருந்துக்கடையில் வேலை பார்க்கும் ஒருவனைக் கட்டிக்கொள்ள ஆசைப்படுவதாகச் சொன்னாள். அப்பா சரி என்றால்தான் கல்யாணம் என்றும் சொல்லிவிட்டாள். அம்மா போட்டோவைப் பார்த்ததுமே தலையாட்டியாயிற்று. அப்பா அவகாசம் கேட்டார். மறுநாள் மாலையே பையனைப் பின்தொடரக் கிளம்பினார்.

பையன் மருந்துக்கடையைப் பூட்டி, பூட்டை நான்கு முறை இழுத்துப் பார்த்தான். பத்தடி போய், திரும்பி வந்து இன்னொரு முறை இழுத்தான். உள்ளே எதையோ பதுக்கியிருக்கிறான் என்று இவர் வீட்டில் அறிவித்தார். தானும் தினமும் அதையேதான் செய்கிறோம் என்பது மட்டும் உறைக்கவில்லை. எவ்வளவு பொறுப்பான பிள்ளை என்று மனைவி உருகினாள்.

இரண்டாம் நாள் பையன் வழியெல்லாம் திரும்பிப் பார்த்துக்கொண்டே நடந்தான். நல்லவன் எதற்குத் திரும்பிப் பார்க்க வேண்டும் என்றார் இவர். யாராவது கூப்பிட்டார்களோ என்று பார்த்திருப்பான், மரியாதை தெரிந்தவன் என்றாள் மனைவி.

மூன்றாம் நாள் தெருமுனையில் பையனைக் காணோம். இவர் விழித்துக்கொண்டு நிற்க, முதுகுக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது.

"முந்தாநாள் நீலச் சட்டை, கையில குடை. நேத்து பேப்பரைத் தலைகீழாப் பிடிச்சுக்கிட்டு நின்னீங்க. இன்னைக்கு எங்க கடை எதிர்ல இருபது நிமிஷம். யாருங்க நீங்க?"

எல்லாம் பையன் கையிலிருந்த ஒரு குட்டி நோட்டில் தேதியோடு இருந்தது. பெண்ணின் அப்பா என்று இவர் ஒப்புக்கொண்டார்.

"அதை நான் எப்படி நம்பறது?"

பர்ஸில் இருந்த மகள் போட்டோவைக் காட்டினார். போட்டோ யாரிடம் வேண்டுமானாலும் இருக்கலாமே என்றான் பையன். கடைசியில் பையன் போன் போட, மகளே ஓடிவந்து, இவர் என் அப்பாதான் என்று சாட்சி சொல்ல வேண்டியதாயிற்று. கல்யாணம் போச்சு என்று அவள் தலையில் கை வைத்துக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்த பூட்டுக்கடைக்காரரின் முகம் மலர்ந்திருந்தது.

"தங்கமான பையன்டி. கடைசி வரைக்கும் என்னை நம்பவே இல்ல."

மகள் துள்ளிக் குதித்தாள். அவள் போன பிறகு போய் விசாரித்த கல்யாண மண்டபக்காரர் பேச்சில் ஏதோ இடிக்கிறது, ஞாயிற்றுக்கிழமை மாமனாரும் மாப்பிள்ளையுமாக அவர் பின்னாலேயே போய்ப் பார்த்துவிடலாம் என்று இருவரும் முடிவு செய்திருப்பது அவளுக்கு இன்னும் தெரியாது.