பின்கட்டு வழிகாட்டி

"அப்போ யாரைத்தான் அனுப்புறது?" என்று கேட்டார் மாமனார். அரசாங்கத்திலிருந்து வந்த கடிதத்தை மேசைமேல் போட்டு, அது எழுந்து ஓடிவிடும் என்பதுபோல் அதன்மேல் மூக்குக்கண்ணாடியைத் தூக்கி வைத்தார்.

காலைச் சாப்பாடு பாதியில் நின்றது.

அந்த வீட்டுக்குப் பின்னால், முற்றம் தாண்டி, நீளமாகக் குனிந்து கிடந்தது ஒரு கட்டிடம். வரிசையாக ஏழு அறைகள். வீட்டில் எல்லோரும் அதைப் 'பின்கட்டு' என்றுதான் சொல்வார்கள். மாமனாரின் முப்பாட்டன் காலத்தில் காசு கொடுத்து வாங்கி வந்த மனிதர்களை இரவில் அதற்குள் போட்டு வெளியே தாழ்ப்பாள் போடுவார்கள். அடிமை என்ற சொல்லை மட்டும் வீட்டில் யாரும் சொல்வதில்லை. பின்னாளில் அங்கே விறகு அடுக்கினார்கள். கால் உடைந்த நாற்காலிகளைப் போட்டார்கள். இப்போது அரசாங்கம் அதை எடுத்து அருங்காட்சியகமும் கல்வி மையமுமாக ஆக்கிக்கொண்டிருந்தது. தடுக்க வழியில்லை என்று தெரிந்ததும் மாமனார் ஒரே ஒரு நிபந்தனை போட்டுக் கையெழுத்திட்டார். சுற்றிக்காட்டும் வழிகாட்டிகளில் ஒருவர் இந்தக் குடும்பத்து ஆளாக இருக்க வேண்டும்.

"கண்டவன் வந்து கண்டதைப் பேசிடக் கூடாதுல்ல. நம்ம ஆளு ஒருத்தர் உள்ள இருந்தா வாய்க்கு ஒரு பூட்டு."

"எனக்குக் கடை இருக்கு" என்றான் மூத்த மகன். டயர் வியாபாரம்.

"எனக்கு முதுகு வலி. பத்து மணிக்கு முன்னாடி எந்திரிக்கக் கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்கார்" என்றான் இளையவன்.

"எந்த டாக்டர்?"

"பொதுவா டாக்டருங்க எல்லாருமே சொல்றாங்க."

மாமியார் தட்டைத் தள்ளி வைத்தாள். "எதுக்கு இவ்வளவு யோசனை? இவ போகட்டும். வீட்டுல சும்மாதானே இருக்கா."

சும்மா இருந்த மருமகள், மூத்தவனின் மனைவி, அப்போது மாமனாருக்கு டீ ஊற்றிக்கொண்டே, கொழுந்தனுக்கு மூன்றாவது முட்டையை வைத்துக்கொண்டே, ஒன்பது வயது மகளின் பின்னலைப் பல்லில் கடித்த நாடாவால் முடிந்துகொண்டிருந்தாள். நாடாவை வாயிலிருந்து எடுத்தாள்.

"உனக்குப் பேச வருமா?" என்று கேட்டார் மாமனார், அவளைப் பற்றி இதுவரை அந்தக் கேள்வியே தோன்றாதவர்போல.

"சொல்லிக் கொடுத்தா பேசுவேங்க மாமா."

தலையைக் குனிந்துகொண்டு, பெரிய சுமையை ஏற்றுக்கொள்பவளின் முகத்தோடு சொன்னாள். அப்படியே அடுப்படிக்குப் போனாள். கதவை ஒருக்களித்தாள். கரித்துணியை எடுத்து வாயில் அடைத்துக்கொண்டு, வயிறு வலிக்கும்வரை சிரித்தாள்.

கல்யாணமாகிப் பதினோரு வருடம். ஆஸ்பத்திரிக்குப் போனாலும் பள்ளிக்கூடக் கூட்டத்துக்குப் போனாலும் கூட ஒரு ஆள் வருவார். இனி தினமும் தனியாக வெளியே போகப்போகிறாள். போகிற தூரம் முற்றத்தின் குறுக்கே நாற்பது அடிதான். அதனால் என்ன?

பயிற்சி இரண்டு வாரம். முதல் நாள் முப்பது அடி நடந்தவள் கடைசிப் பத்து அடியை ஓடிவிட்டாள். மூச்சு வாங்கி நின்றவளை வாசலில் இருந்தவர் பார்த்தார்.

"என்னம்மா, யாராவது துரத்துறாங்களா?"

"நாய்" என்றாள். முற்றத்தில் நாயே இல்லை.

"பெரிய நாயா?"

"ஆமாங்க."

"எனக்கும் தெரியும் அந்த நாயை" என்றார் அவர், முகத்தில் சிரிப்பே காட்டாமல். ஓய்வுபெற்ற பஸ் டிரைவர். எல்லோருக்கும் டிரைவர் அண்ணன். அவரும் ஒரு வழிகாட்டிதான்.

மையத்தின் பொறுப்பாளரை டீச்சர் என்று கூப்பிட்டார்கள். முப்பது வருடம் சரித்திரப் பாடம் நடத்தியவள். கிராப்பு வெட்டிய நரைத்த தலை, உரத்த குரல். அவளுடைய கொள்ளுப்பாட்டியின் தாய் ஐந்தாம் எண் அறையில் பிறந்தவள் என்று முதல் நாளே தெரிந்தபோது, மருமகளுக்குக் கையை எங்கே வைத்துக்கொள்வது என்றே தெரியவில்லை. எந்த வீட்டிலிருந்து வந்திருக்கிறாள் என்பது எல்லோருக்கும் தெரியுமே.

டீச்சர் அவள் கையில் ஒரு குவளை டீயைக் கொடுத்தாள். "குடி. ஆறிடும்."

பதினோரு வருடத்தில் அவளுக்கு இன்னொருவர் போட்டுக் கொடுத்த முதல் டீ அது. சூடாக இருந்தது. டீ சூடாக இருக்கும்போது இப்படி ஒரு ருசி இருக்குமா? அவளுக்குத் தலை கிறுகிறுத்தது. ஒரே டீயில் போதை ஏறிவிட்டதோ என்று அவளே பயந்தாள். அன்று சாயங்காலம் வீட்டுக்குத் திரும்பி, பாத்திரத்தையெல்லாம் இரட்டை வேகத்தில் கழுவினாள். பாட்டு வேறு முணுமுணுத்தாள். "வேலைக்குப் போனதும் சுறுசுறுப்பாயிட்டா, பாத்தியா?" என்று மாமியார் மெச்சிக்கொண்டாள்.

அந்த இரண்டு வாரமும் கால் தரையில் பாவவில்லை. வண்ணப் பேனாக்கள் கொடுத்தார்கள். வரைபடம் போட்டாள். கேள்வி கேட்டால் "நல்ல கேள்வி" என்றார்கள். வீட்டில் அவள் கேட்ட கேள்வி எதையும் யாரும் நல்லது என்று சொன்னதில்லை. வேண்டுமென்றே மூன்று கேள்வி கூடுதலாகக் கேட்டுவைத்தாள்.

ஐந்தாம் அறையில் மட்டும் யாரும் விளையாட்டாகப் பேசவில்லை. அங்கே சுவரில், கதவுக்குப் பக்கத்தில், ஆணியால் கீறிய கோடுகள் இருந்தன. ஒன்றன்மேல் ஒன்றாக, முழங்கால் உயரத்திலிருந்து இடுப்புவரை ஆறு கோடுகள்.

"யாரோ ஒரு தாய் பிள்ளையோட உயரத்தை அளந்திருக்கா" என்றாள் டீச்சர். "வருஷத்துக்கு ஒரு கோடு."

"அப்புறம்?" என்று கேட்டாள் மருமகள்.

"அப்புறம் கோடு இல்ல. வித்துட்டாங்க."

தன் மகளின் உயரத்தை அலமாரிக் கதவில் அவளும் பென்சிலால் குறித்து வைத்திருந்தாள். இரண்டு நாள் அந்த அலமாரியை அவளால் திறக்க முடியவில்லை.

மூன்றாம் அறையில் மரப்பலகை ஒன்று இருந்தது. விறகுக்கடியில் கிடைத்தது. பின்கட்டில் இருப்பவர்களுக்கு வீட்டு எஜமானி எழுதி மாட்டிய விதிகள். எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்குக் கங்காணி தினமும் சத்தமாகப் படிப்பானாம். பயிற்சிக்காக மருமகளைப் படிக்கச் சொன்னாள் டீச்சர்.

"ஒன்று. வீட்டார் விழிக்குமுன் எழ வேண்டும். இரண்டு. வீட்டார் உண்டு முடிக்கும்வரை உட்காரவோ உண்ணவோ கூடாது." இங்கே அவள் குரல் லேசாகப் பிசகியது. "மூன்று. கேளாமல் வாசல் தாண்டக் கூடாது. நான்கு. எதிர்வார்த்தை சொல்லக் கூடாது. ஐந்து..."

ஐந்தில் வெடித்துவிட்டது. சிரிப்பென்றால் சிரிப்பு, அடக்க முடியாத சிரிப்பு. சுவரைப் பிடித்துக்கொண்டாள், குனிந்தாள், கண்ணில் தண்ணீர் வழிந்தது. டிரைவர் அண்ணனுக்கு விஷயம் என்னவென்று தெரியாமலே தொற்றிக்கொண்டது, அவரும் சிரித்தார்.

"ஐந்து... நோய் என்று படுக்க எஜமானியின் உத்தரவு வேண்டும். டீச்சர், போன மாசம் எனக்குக் காய்ச்சல். படுக்கட்டுமான்னு அத்தைகிட்ட கேட்டேன். சாயங்காலம் பாக்கலாம்னாங்க."

மறுபடி சிரித்தாள். சிரித்துக்கொண்டே ஆறாவதைப் படிக்கப் போனாள். படித்தாள். சிரிப்பு நின்றது.

டீச்சர் அவள் பக்கத்தில் வந்தாள். "ரெண்டும் ஒண்ணுன்னு சொல்லிடாதம்மா. எங்காளுங்களைச் சந்தையில நிறுத்திப் பல்லைப் பிடிச்சுப் பார்த்தாங்க."

"தெரியும் டீச்சர். என்னை யாரும் விக்கல. ஆறாவது எனக்குக் கிடையாது." முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "ஆனா இந்தப் பலகையை எழுதுன வீட்டுலதான் நான் இருக்கேன். பின்கட்டு காலியாயிடுச்சு. பழக்கம் காலியாகல. அஞ்சு விதியையும் அப்படியே வெச்சிருக்காங்க, பலகைதான் இல்ல."

டீச்சர் அவளை ஒரு நிமிடம் பார்த்தாள். "நல்ல கேள்வி மட்டும்தான் உனக்கு வரும்னு நினைச்சேன்" என்றாள்.

திறப்பு விழாவுக்கு முந்தின நாள் மாமனார் அவளிடம் ஒரு தாளைக் கொடுத்தார். அழகான கையெழுத்து. அதை மனப்பாடம் செய்யச் சொன்னார். "எங்கள் முன்னோர் அவர்களைப் பெற்ற பிள்ளைகள்போல் வைத்துக் காப்பாற்றினார்கள்." அந்த வரியில் இரண்டு கோடு போட்டிருந்தார்.

"ஒரு எழுத்து விடக் கூடாது."

"விட மாட்டேங்க மாமா."

மறுநாள் முற்றம் நிறைய நாற்காலி. அதிகாரிகள் பேசினார்கள், நாடா வெட்டினார்கள். முன்வரிசையில் மாமியார் உறவுக்காரர்கள் புடைசூழ, தன் வீட்டு விசேஷம்போல் உட்கார்ந்திருந்தாள். முதல் குழு பள்ளிக்கூடப் பிள்ளைகள். அவளுடைய மகளின் வகுப்பு. பின்னாலேயே உறவுக்காரர்களும் நுழைந்தார்கள், மருமகள் தாளில் உள்ளபடி சொல்கிறாளா என்று பார்க்க.

அவள் விடவில்லை. மூன்றாம் அறையில் நின்று, தாளைக் கையிலேயே பிடித்து, ஒரு எழுத்து விடாமல் படித்தாள்.

"'எங்கள் முன்னோர் அவர்களைப் பெற்ற பிள்ளைகள்போல் வைத்துக் காப்பாற்றினார்கள்.' இது வீட்டார் எழுதிக் கொடுத்தது." மாமனார் முகம் மலர்ந்தது. அவள் பலகைப் பக்கம் கையை நீட்டினாள். "இது, அந்த முன்னோர் எழுதி மாட்டினது. பிள்ளைங்களா, எல்லாரும் சேர்ந்து சத்தமா படிங்க பாக்கலாம்."

நாற்பது பிள்ளைகள் வாய்ப்பாடு ஒப்பிப்பதுபோல ராகம் போட்டுப் படித்தார்கள். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து. ஐந்தோடு அவள் கைகாட்டி நிறுத்தினாள். கல் அறையில் அந்தச் சத்தம் மோதி மோதித் திரும்பியது.

உறவுக்காரர்கள் நெளிந்தார்கள். மாமனார் செருமினார். மாமியாருக்கு மட்டும் எதற்கு இந்தச் சங்கடம் என்று புரியவில்லை. பக்கத்தில் நின்ற தன் நாத்தனாரிடம், குடும்ப மானத்தைக் காப்பாற்றும் எண்ணத்தோடு, எல்லோர் காதிலும் விழும்படியே சொன்னாள்.

"இதுல என்ன தப்பு இருக்கு? வீடுன்னா ஒரு ஒழுங்கு வேணாமா? எங்க வீட்டுல இன்னைக்கும் இப்படித்தானே."

முன்னால் நின்ற ஒரு சிறுமி திரும்பினாள். "இன்னைக்குமா? இப்ப யாரு அப்படி இருக்காங்க?"

அப்போது கூட்டத்தில் ஒரு கை உயர்ந்தது. வகுப்பில் விடை தெரிந்தவர்கள் உயர்த்துவதுபோல், நேராக, முழங்கை மடங்காமல்.

"எங்கம்மா" என்றாள் மருமகளின் மகள்.

அவள் குற்றம் சொல்லவில்லை. தெரிந்த விடையைச் சொன்னாள், அவ்வளவுதான்.

மாமியார் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். மூத்த மகன் தரையைப் பார்த்தான். மருமகள் தாளை இரண்டாக மடித்தாள்.

"ஆறாவதை நான் படிக்கிறேன். 'பிள்ளையை விற்று அனுப்பும்போது தாய் சத்தம் போடக் கூடாது.' இது எங்க வீட்டுல இல்ல. இது இங்க இருந்தவங்களுக்கு நடந்தது. பெத்த பிள்ளைங்க மாதிரின்னு சொன்னதையும் ஞாபகம் வெச்சுக்கங்க. வாங்க, அஞ்சாவது அறைக்குப் போவோம். தலையைக் குனிஞ்சு வரணும், கதவு தாழ்வு."

பிள்ளைகள் போனார்கள். உறவுக்காரர்கள் போகவில்லை.

ஒரு மணிக்கு இடைவேளை. வழிகாட்டிகளுக்கு முற்றத்திலேயே நீளமேசை போட்டுச் சாப்பாடு வைத்தார்கள். டிரைவர் அண்ணன் பரிமாறினார். மருமகள் உட்கார்ந்தாள். உட்கார்ந்ததும் மறுபடி அந்தக் கிறுகிறுப்பு வந்தது. காலை ஆட்டிக்கொண்டு, பசியோடு முதல் வாய் எடுத்தாள்.

வீட்டுப் பின்வாசலில் மாமனார் வந்து நின்றார். டீச்சரைக் கைகாட்டி அழைத்தார். "அந்தப் பொண்ணை நிறுத்திடுங்க. வேற ஆள் தர்றோம்."

"முடியாதுங்களே" என்றாள் டீச்சர் மரியாதையாக. "நீங்கதானே கையெழுத்துப் போட்டு நியமிச்சீங்க. மூணு வருஷத்துக்கு. உங்க நிபந்தனையைத்தான் நாங்க அப்படியே ஏத்துக்கிட்டோம்."

மாமனார் உள்ளே போனார். சற்று நேரத்தில் கணவன் வந்தான். முற்றத்தின் ஓரத்திலேயே நின்றுகொண்டான்.

"வீட்டுல எல்லாரும் உக்காந்தாச்சு. அம்மா கூப்பிடுறாங்க. பரிமாறணும்."

அவள் வாயில் இருந்ததை மென்று விழுங்கினாள். அவசரப்படவில்லை.

"எல்லாம் ஆக்கி அடுப்பு மேலதாங்க வெச்சிருக்கேன். மூடியைத் திறந்தா தெரியும். ரெண்டு மணிக்கு அடுத்த குழு வருது, நான் சாப்பிட்டுட்டு அவங்களைக் கூட்டிட்டுப் போகணும்."

அவன் போகவில்லை. திரும்பி வீட்டைப் பார்த்தான். மேசையிலிருந்த பத்துப் பேரும் தட்டைப் பார்க்காமல் அவனையே பார்த்தார்கள். உள்ளேயிருந்து ஒரு பாத்திரம் விழுந்து உருளும் சத்தமும், "கரண்டி எங்கடா இருக்கு?" என்று கொழுந்தன் யாரையோ கேட்பதும் கேட்டன.

"உப்பு எங்க இருக்கு?" என்று கேட்டான் கணவன், தணிந்த குரலில்.

"மேல்தட்டுல. இடது பக்கம், நீல மூடி."

அவன் உள்ளே போனான். மருமகள் தட்டைப் பார்த்தாள். பாதி காலியாகியிருந்தது.

"இன்னும் கொஞ்சம் வைக்கட்டுமாம்மா?" என்று கேட்டார் டிரைவர் அண்ணன்.

"வைங்க அண்ணே" என்றாள். "நிறையவே வைங்க."