துரை வண்டியில் பொறி இல்லை

என் புருஷனுக்கு மூடநம்பிக்கை கிடையாது. நான் சொல்லவில்லை, அவரே எங்கள் ஊர் கரமனை முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தார். பெயர் நீலகண்டன். புருஷன் பெயரை எழுதுகிறாளே என்று முகம் சுளிக்கிறவர்கள் தாராளமாகச் சுளித்துக்கொள்ளலாம். பகலில் செக்ரடேரியட்டில் குமாஸ்தா, சாயங்காலம் வாசகசாலையில் விஞ்ஞானி. போனக்காட்டுத் தேயிலைத் தோட்டத்துத் துரை ஒருவர் சீமைக்குத் திரும்பும்போது கழித்துவிட்ட மோட்டார் சைக்கிளை, பக்கத்தில் ஆள் உட்காரும் பெட்டியோடு வாங்கிவந்த பிறகு விஞ்ஞானம் இன்னும் தலைக்கேறிவிட்டது.

முந்தாநாள் சூரிய கிரகணம். தோஷம் ஒட்டக் கூடாதென்று என் மாமியார் ஊறுகாய் ஜாடி, பால், தண்ணீர்க் குடம் என்று ஒன்று விடாமல் தர்ப்பை கிள்ளிப் போட்டார். இவர் கூடத்தில் நின்று சிரித்தார். “சூரியனைச் சந்திரன் மறைச்சா மாவடு எதுக்குக் கெடணும்?” தெருக்கோடி வரை கேட்டது. என் நட்சத்திரத்துக்கு அந்தக் கிரகணம் ஆகாது, நெற்றியில் ஓலைப் பட்டம் கட்டிக்கொள்ள வேண்டும். மாமியார் அதையும் எழுதி வாங்கி வைத்திருந்தார். இவர் அதைப் பிடுங்கிக் கொல்லையில் வீசிவிட்டு, புகை படிந்த கண்ணாடித் துண்டைக் கையில் கொடுத்து என்னை முற்றத்தில் நிறுத்தினார். பாதிச் சூரியனைப் பார்த்தேன். நடுங்கிக்கொண்டுதான் பார்த்தேன்.

இன்று நான் நாகர்கோவில் போயாக வேண்டும். என் அக்கா அனந்தலக்ஷ்மி புருஷனோடு ரங்கூனுக்குப் போகிறாள். பத்து மணிக்கு மேல் பஸ் ஏறித் திருநெல்வேலி, பிறகு ரயில், கப்பல். அதற்கப்புறம் எந்த வருஷம் பார்ப்போமோ. ஏழு மணி பஸ்ஸில் போகிறேன் என்று நேற்றே சொன்னேன். “சொந்த வண்டி இருக்கச்சே பஸ்ஸா? நான் கொண்டு விடறேன்” என்றார். தூரப் பயணம் என்று நேற்று முழுக்க வண்டிக்கு ஓய்வு வேறு.

விடிந்ததும் வாசலில் நிறுத்தி உதைத்தார். உதைத்துக்கொண்டே இருந்தார். வண்டி ஒரு ஏப்பம்கூட விடவில்லை.

தெரு கூடிவிட்டது. பக்கத்து வீட்டுச் சேஷன் மாமா, ரிட்டயரான தாசில்தார், “பெட்ரோல் உண்டோடா?” என்றார். இருந்தது. எதிர்வீட்டுக் கணக்கு வாத்தியார் ராமசுப்ரமணியன், “பொறி வரதான்னு பாரும் ஓய்” என்றார்.

அதற்குப் பிளக்கைக் கழற்றி, வயரோடு எஞ்சின்மேல் சாய்த்து வைத்து உதைக்க வேண்டும். நுனியில் நீலமாக ஒரு துளி வெளிச்சம் வரவேண்டும். வெளிச்சத்தில் தெரியாதென்று மாமா அங்கவஸ்திரத்தை மேலே விரித்தார். பெரியவர்கள் இருவரின் தலைகளும் அதற்குள் போயின. தெருவுக்கு மிஞ்சியது இரண்டு பின்பக்கங்கள். இவர் உதைத்தார்.

“ஒரு சுக்கும் இல்லை” என்று உள்ளிருந்து மாமா அறிவித்தார்.

வேறு பிளக் போட்டார்கள். அதிலும் இல்லை. வயரில் கோளாறா என்று பார்க்க வாத்தியார் அதன் நுனியை விரலில் பிடித்துக்கொண்டார். ஷாக் அடித்தால் வயர் நல்லது என்று அர்த்தமாம். அடிக்கவில்லை. எனக்கும் அதில் வருத்தம்தான்.

இனி மிச்சம் மாக்னெட்டோ. மின்சாரம் அங்கேதான் பிறக்கிறது. அதன் வட்ட மூடிக்குள் இரண்டு சின்ன முனைகள், தொட்டுத் தொட்டு விலகும். விலகும்போதுதான் பிளக்கில் பொறி. ஞாயிறுதோறும் இவர் அதைத் துடைக்க, விளக்குப் பிடித்தவள் நான்.

“மாக்னெட்டோவைத் திறந்து பாருங்கோளேன்” என்றேன்.

இவர் முகம் வெளுத்தது. “அதைத் திறக்கப்படாது. சீமையிலே மூடினது.”

எனக்கு ஒன்றும் புரியவில்லை. போன ஞாயிறு திறந்த மூடி. பிறகு, “காத்து வேணும், தள்ளி நில்லுங்கோ” என்றார். தெரு அரையடி தள்ளி நின்றது. “நான் கொல்லைப்பக்கம் கொண்டு போறேன், எல்லாரும் ஆத்துக்குப் போங்கோ” என்று வண்டியைத் தள்ளினார். உதவி மனப்பான்மையுள்ள தெரு. மொத்தமும் சேர்ந்து தள்ளிக்கொண்டு கொல்லைக்கே வந்துவிட்டது.

அந்த நேரம் பெரிய ரோட்டில் ஏழு மணி பஸ் ஹாரன் அடித்தபடி போனது.

எனக்கு அழுகை வந்தது. கோபம் அதை முந்திக்கொண்டது. புடவையை இழுத்துச் செருகி, மண்ணில் மண்டியிட்டு, இவர் “வேண்டாம், வேண்டாம்” என்று கையைப் பிடிப்பதற்குள் மூடியைக் கழற்றினேன். இரண்டு முனைகளுக்கும் நடுவே, அவை தொடவே முடியாதபடி, ஒரு தர்ப்பைத் துண்டு. அளவாக நறுக்கி, நேர்த்தியாகச் செருகியிருந்தது.

அதை எடுத்துத் தூக்கிப் பிடித்தேன். “இதை யார் வெச்சது?”

“அம்மா வெச்சிருப்பா” என்றார் என் புருஷன்.

“நானா?” என்றார் மாமியார். “அந்தச் சனியனுக்கு மூடி இருக்கறதே எனக்கு இப்பத்தானேடா தெரியும்!”

ராமசுப்ரமணியன் தொண்டையைக் கனைத்தார். “வாசகசாலையிலே நாளைக்கு எந்தா பிரசங்கம், நீலகண்டா?”

உள்ளங்கையில் மறைத்திருக்கலாம். வேறொரு நாளானால் மறைத்திருப்பேன். பயந்தால் தர்ப்பை வைக்க வேண்டியதுதான், நானும் பயந்தவள்தான். என் பட்டத்தை வீசிவிட்டு வண்டிக்கு வைத்தாரே! ஊர் சிரிக்குமென்று, பஸ் போகிறவரை வாயைத் திறக்காமல் நின்றாரே!

பிளக்கையும் மூடியையும் திரும்பப் பூட்டி முடிப்பதற்குள் எட்டு மணி தாண்டிவிட்டது. ஒரே உதையில் வண்டி கிளம்பியது. பாறசாலையில் வண்டியை மெதுவாக்கினார்.

“நீ அதை மறைச்சிருக்கலாம்” என்றார்.

“நீங்க ஏழு மணிக்கு முன்னாடி திறந்திருக்கலாம்.”

அதற்குப் பிறகு வண்டியை விரட்டினார். என் எலும்பெல்லாம் தனித்தனியாக எண்ணப்பட்டன.

நாகர்கோவில் வீட்டு வாசலில் அம்மா மட்டும் நின்றாள். “இப்பத்தான்டி பஸ் ஏறினா. நீ வரலை, வரலைன்னு பாத்துண்டே போனா.” நான் பெட்டியை விட்டு இறங்கவில்லை. இவர் வண்டியைத் திருப்பினார். ஆரல்வாய்மொழி தாண்டுவதற்குள் பஸ்ஸைப் பிடித்து, முந்தி, ரோட்டுக்குக் குறுக்கே நிறுத்தினார்.

“சாவதுக்கு வேற எடம் கெடைக்கலியாவே?” என்று டிரைவர் தலையை நீட்டினார். இவர் விஞ்ஞானம் ஏதும் பேசவில்லை. புழுதி அப்பிய முகத்தோடு, நடுரோட்டில் டிரைவரைப் பார்த்துக் கைகூப்பி நின்றார்.

அக்கா ஓடிவந்தாள். சொல்ல எவ்வளவோ வைத்திருந்தேன். கட்டிக்கொண்டேன், அவ்வளவுதான். டிரைவர் ஹாரனை அழுத்தினார். விலகும்போதுதான் என் கையைப் பார்த்தேன். மாக்னெட்டோவின் எண்ணெய்க் கரி. அவள் கட்டியிருந்ததோ சந்தன நிறப் புதுப் பட்டு.

“ஐயோ, அக்கா, புடவை…” என்று முந்தானையால் துடைக்கப் போனேன்.

“விடுடி. துடைக்காதே” என்றாள். “இருக்கட்டும்.”

பஸ்ஸில் ஏறும்போது அவள் முதுகில் என் ஐந்து விரல்களும் கரேலென்று தெரிந்தன.