நாலாவது தோட்டா

ஹாலிஸ் க்ரீல் எந்த வாடிக்கையாளரைக் கண்டும் பயந்தவர் இல்லை. அலாஸ்காவில், பாமர் என்ற ஊரில், முப்பது வருடமாக வேட்டைத் துப்பாக்கி செய்கிறவர். பெரிய மனிதர், சின்ன மனிதர் என்று பார்க்காமல் எல்லோரையும் எடுத்தெறிந்து பேசுவார். ஆனால் லெலண்ட் வோஸின் வண்டி பட்டறை வாசலில் வந்து நின்றால் மட்டும் பின்கட்டுக்குப் போய் எதையாவது தேட ஆரம்பித்துவிடுவார். மூன்றரை வருடமாக இந்த வியாதி. மருந்து என்னவென்று அவருக்கே தெரியும். வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்ல வேண்டும், அவ்வளவுதான். அதற்குத்தான் மனிதருக்குத் துணிச்சல் வரவில்லை.

மே மாதம். பனி உருகி ஊரே சகதியாகக் கிடந்தது. லெலண்ட் பூட்ஸைத் தட்டிவிட்டு உள்ளே வந்தான். கையில் இருந்த கான்வாஸ் உறையை மேசைமேல் வைத்தான். உள்ளே என்ன இருக்கிறது என்று பிரிக்காமலே ஹாலிஸுக்குத் தெரிந்தது. அவர் செய்த துப்பாக்கியின் நீளம் அவருக்குத் தெரியாதா?

"என்ன ஹாலிஸ், பேயறைஞ்ச மாதிரி நிக்கிறீங்க? காபி இருக்கா, இல்ல துப்பாக்கிக்குப் போடுற எண்ணெயத்தான் ஊத்துவீங்களா?"

"ரெண்டும் ஒரே ருசிதான். ஊத்திக்க."

லெலண்ட் சிரித்துக்கொண்டே ஊற்றிக்கொண்டான். "கெண்ட்ராவுக்கு ஒரு துப்பாக்கி செய்யணும். செப்டம்பர்ல மூஸ் மான் வேட்டைக்குப் போறாளாம். அவங்கப்பன் போவானே, அதே ஆத்தோரம். கரடி திரியுற எடம். நல்லதா ஒண்ணு கையில இருக்கணும்ல?"

கெண்ட்ரா அவன் அண்ணன் டுவேனின் மகள். டுவேன் மார்ச்சில் மாரடைப்பில் போய்ச் சேர்ந்திருந்தான்.

"அவளும் வந்திருக்கா. கோழித் தீவனம் வாங்கிட்டு வருவா," என்றான் லெலண்ட்.

ஹாலிஸ் வேகமாக அலமாரியைத் திறந்தார். புத்தம் புதிய ஆக்‌ஷன்கள் மூன்றை எடுத்து வரிசையாக வைத்தார். ஆக்‌ஷன் என்பதைத் துப்பாக்கியின் நெஞ்சுக்கூடு என்று வைத்துக்கொள்ளலாம். குழலும் கட்டையும் அதில்தான் வந்து சேர்கின்றன. அதில் ஓடும் போல்ட் என்கிற தண்டைப் பின்னால் இழுத்தால் சுட்ட கூடு வெளியே தெறிக்கும், முன்னால் தள்ளினால் அடுத்த தோட்டா உள்ளே போகும். மான் வேட்டையில் அது தடுமாறினால் மான் ஓடிவிடும். கரடிக்கு முன்னால் தடுமாறினால் ஓட வேண்டியவர் நீங்கள். அதுவும் முடியாது.

"இந்த நீளமானதைப் பாரு," என்றார் ஹாலிஸ். "பெரிய தோட்டாவுக்குன்னே அளவெடுத்துச் செஞ்சது. கெண்ட்ராவுக்கு இதான் சரி."

"எல்லாத்தையும் உள்ள வைங்க. ஆக்‌ஷன் நான் கொண்டாந்திருக்கேன்." லெலண்ட் உறையைப் பிரித்தான். "பழைய குழலையும் கட்டையையும் கழட்டிப் போடுங்க. இந்த ஆக்‌ஷன்லயே அவ தோளுக்குத் தக்கபடி புதுசா செஞ்சிடுங்க. இதுல ஒரு கொறையும் இல்லன்னு நீங்களே பாத்துச் சொன்னதுதான? கொறை என் கையில. பாவம், இது என்ன பண்ணும்?"

ஹாலிஸின் முகத்தில் ஈயாடவில்லை.

நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். நாலு வருடத்துக்கு முன்னால் லெலண்ட் இதே மேசைக்கு முன்னால் நின்று நீள ஆக்‌ஷன்தான் கேட்டான். அது கடல் கடந்து வர எட்டு மாதம் ஆகும். ஹாலிஸிடம் ஒரு குட்டை ஆக்‌ஷன் சும்மா கிடந்தது. உள்ளே கொஞ்சம் ராவி இடம் பண்ணினால் பெரிய தோட்டாவும் அதில் உட்காரும். "இந்த மாதிரி பத்து செஞ்சிருக்கேன், வாயை மூடிட்டுப் போ," என்றார் ஹாலிஸ். லெலண்டும் போனான். ஆகஸ்ட் முடியும் நேரம், கை நிறைய வேலை. தோட்டாவைப் பிடித்து நிறுத்தும் விளிம்பை அவர் ஒரு மயிரிழை அதிகமாக ராவிவிட்டார். தோட்டாக்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கும் அறை நாலு தோட்டா பிடிக்கும். நாலையும் போட்டு, தோளில் வைத்து, வேகமாக இழுத்துத் தள்ளிப் பார்ப்பதுதான் தொழில் முறை. அன்றைக்கு மூன்றைப் போட்டுப் பார்த்தார். வெண்ணெய் மாதிரி ஓடியது. போதும் என்று துணியில் சுற்றிக் கொடுத்துவிட்டார்.

செப்டம்பரில் அண்ணனும் தம்பியும் ஒரு மூஸை வீழ்த்தினார்கள். டுவேன் குனிந்து தோலுரிக்க, லெலண்ட் காவல் நின்றான். புதரிலிருந்து கரடி வந்தது. குழலில் ஒன்று, அறையில் நாலு என்று நிரப்பி வைத்திருந்த லெலண்ட் முதல் குண்டைச் சரியாகத்தான் போட்டான். போல்ட்டை இழுத்துத் தள்ளினான். மேலே இருந்த தோட்டா மூக்கைத் தூக்கிக் குறுக்கே சிக்கிக்கொண்டது. அதைப் பிடுங்கி எறிந்து அடுத்த குண்டைப் போடுவதற்குள் டுவேனுக்கு ஒரு கண் போயிற்று, இடது கையும் தோளோடு போயிற்று.

அக்டோபரில் லெலண்ட் துப்பாக்கியைக் கொண்டுவந்து கொடுத்தான். "துப்பாக்கியா, நானா? பாத்துச் சொல்லுங்க," என்றான். ஹாலிஸ் நாலு தோட்டாவும் போட்டுப் பார்த்தார். ஒன்பதாவது தடவை, எல்லாவற்றுக்கும் மேலே இருந்த அந்த நாலாவது தோட்டா குறுக்கே சிக்கியது. அதைப் பார்த்தபடி ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தார். அப்புறம் தொலைபேசியை எடுத்து, வாய் கூசாமல், "துப்பாக்கியில ஒண்ணும் இல்லப்பா. பதட்டத்துல நீ போல்ட்டை முழுசா இழுக்கல. யாருக்கும் வர்றதுதான்," என்றார். ஆறுதல் வேறு சொன்னார். டுவேன் தேறி வரட்டும், பிறகு சொல்லலாம் என்று தனக்கே ஒரு சப்பைக்கட்டு கட்டிக்கொண்டார். டுவேன் தேறி வந்தான். ஹாலிஸ் சொல்லவில்லை. ஒரு வருடம் போனபின் எதைச் சொல்லித் தொடங்குவது என்றே தெரியவில்லை. நல்ல மனுஷன்தான், ஆனால் இந்த ஒரு விஷயத்தில் ஈனப் பிறவி.

"பாருங்க," என்றான் லெலண்ட். பையிலிருந்து மருந்தில்லாத போலித் தோட்டாக்கள் நாலை எடுத்துப் போட்டு, துப்பாக்கியைத் தோளுக்கு ஏற்றினான். "தெனம் காலையில நூறு தடவை பழகுறேன். மூணரை வருஷமா ஒரு நாள் விடல. கொட்டகையில நின்னுக்கிட்டுத்தான். என் பொண்டாட்டி என்னைப் பைத்தியம்ங்கறா."

இழுத்தான், தள்ளினான். கை அத்தனை சுத்தமாகப் போய் வந்தது. ஹாலிஸ் தன் வாழ்நாளில் அப்படி ஒரு கையைப் பார்த்ததில்லை. மறுபடி நாலையும் நிரப்பி இழுத்தான். ஆறாவது தடவை நிரப்பியபோது மேல் தோட்டா மூக்கைத் தூக்கிக்கொண்டு குறுக்கே நின்றது.

"பாத்தீங்களா? இன்னும் போகல. பத்து பதினஞ்சு தடவைக்கு ஒரு தடவை இந்தப் பாழாப்போன கை தடுக்கிடுது." லெலண்ட் வெட்கத்தோடு சிரித்தான். "பொறப்புலயே இருக்கும்போல. கெண்ட்ராவுக்கு அவங்கப்பன் கை. அவகிட்ட இது நல்லா ஓடும்."

ஹாலிஸ் அந்தச் சிக்கிய தோட்டாவைப் பார்க்க முடியாமல் காபிக் கோப்பையைப் பார்த்தார். செய்யாத தப்புக்கு மூன்றரை வருடம் கொட்டகையில் நின்று தண்டனை அனுபவித்திருக்கிறான் இவன். அப்போதும் அவர் புத்தி எங்கே போனது தெரியுமா? சொல்லாமலே தப்பிக்க வழி தேடிப் போனது.

"இது பழசாயிடுச்சுப்பா. நீள ஆக்‌ஷனே போடுவோம். என் பங்கா இருக்கட்டும், சும்மாவே தரேன்."

"எதுக்குச் சும்மா?" லெலண்டின் முகம் மாறியது. "பரிதாபப்படுறீங்களா? ஊரே பட்டுட்டுப் போயிடுச்சு, நீங்களும் ஆரம்பிக்காதீங்க. இது டுவேன் கூடக் காட்டுக்கு வந்த துப்பாக்கி. அவளுக்கு இதுதான்."

கதவு திறந்தது. கெண்ட்ரா தோளில் இருந்த தீவன மூட்டையை வாசலில் போட்டுவிட்டு உள்ளே வந்தாள். இருபத்து நாலு வயது, அப்பனைப் போலவே கட்டை குட்டை.

"என்ன ஐஸ்கை சித்தப்பா, முடிஞ்சுதா? இல்ல இங்கயும் சிக்கிக்கிச்சா?"

ஐஸ்கை. கரடியைக் கண்டு ஐஸாக உறைந்துபோன கை என்று டுவேன் ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்துக்கொண்டு வைத்த பேர் அது. மனதில் கல்மிஷம் இல்லாமல், தம்பி அழுகையை நிறுத்தட்டும் என்று கேலியாக வைத்தான். ஊர் பிடித்துக்கொண்டது. டுவேனை அடக்கம் செய்த அன்றைக்குக்கூட எவனோ அந்தப் பேரைச் சொல்லித்தான் லெலண்டைக் கூப்பிட்டான். இப்போதும் லெலண்ட் சிரித்தான். சிரித்துப் பழகிவிட்டான்.

ஹாலிஸால் அதற்குமேல் தாங்க முடியவில்லை. "லெலண்ட், தப்பு உன் கையில இல்ல. துப்பாக்கியிலதான்."

"அட விடுங்க."

"நிஜமா சொல்றேன். நாலு போட்டா மேல் தோட்டா சிக்கும். நான்தான் அதிகமா ராவிட்டேன். காட்டுறேன் பாரு."

நாலையும் போட்டுத் தோளில் வைத்தார். தான் செய்த துப்பாக்கி சிக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டது வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. இழுத்தார், தள்ளினார். வெண்ணெய் மாதிரி ஓடியது. மறுபடி நிரப்பினார். ஓடியது. ஐந்து, எட்டு, பத்து. வேர்த்துக் கொட்டியது. சனியன் பிடித்த துப்பாக்கி, ஒரு தோட்டாகூடத் தலை தூக்கவில்லை.

"உங்க கையில நல்லாத்தான ஓடுது?" என்றாள் கெண்ட்ரா.

லெலண்ட் மெதுவாகத் துப்பாக்கியை அவர் கையிலிருந்து வாங்கி மேசைமேல் வைத்தான். அவர் தோளைத் தட்டினான். "நல்ல மனுஷன் ஹாலிஸ் நீங்க. அண்ணன் பொண்ணு முன்னால என் மானத்தைக் காப்பாத்தணும்னு பாக்குறீங்க. வேணாம். உங்க வேலை மேல பழி போட்டு எனக்கு மரியாதை வாங்கித் தர வேணாம். எனக்குப் பழகிடுச்சு."

அந்தத் தட்டல்தான் ஹாலிஸை அடித்தது. ஓங்கி ஓர் அறை விட்டிருந்தால் நின்றிருப்பார். நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். இனிமேல் துப்பாக்கி அவருக்காகப் பேசாது. அவரே பேச வேண்டும், அதுவும் முழுசாக.

"மானத்தைக் காப்பாத்தலப்பா. எனக்கு முன்னாடியே தெரியும். நீ அக்டோபர்ல கொண்டாந்தப்ப நாலு போட்டுப் பாத்தேன். ஒன்பதாவது தடவை சிக்கிச்சு. தெரிஞ்சேதான் உன் கையின்னு சொன்னேன்."

லெலண்டுக்கு உடனே புரியவில்லை. "எந்த அக்டோபர்?"

"அந்த அக்டோபர்தான். டுவேன் ஆஸ்பத்திரியில இருந்தப்ப."

வெளியே ஒரு லாரி சகதியை வாரியடித்துக்கொண்டு போனது.

"அப்ப உனக்கு மூணரை வருஷமா தெரியும்," என்றான் லெலண்ட். இத்தனை வருடப் பழக்கத்தில் அவன் ஹாலிஸை 'நீ' என்று சொன்னதில்லை.

"தெரியும்."

"டுவேன் உசிரோட இருந்தப்பவே."

ஹாலிஸ் தலையை ஆட்டினார். நிமிரவில்லை.

கெண்ட்ராதான் பேசினாள். குரல் உயரவில்லை, அது இன்னும் மோசமாக இருந்தது. "கடைசி வாரம் நீங்க பூ வாங்கிட்டு ஆஸ்பத்திரிக்கு வந்தீங்க. நான்தான் கதவைத் திறந்தேன். அப்பா சித்தப்பா கையைப் புடிச்சுக்கிட்டு, 'நான் உன்னை மன்னிச்சிட்டேன்டா, மனசுல வச்சுக்காத'ன்னாரு. நீங்க கேட்டீங்க. கதவுகிட்டயே நின்னுக்கிட்டு இருந்தீங்க."

"கேட்டேன்மா."

"கேட்டுட்டு?"

"பூவை வச்சிட்டு வந்துட்டேன்."

லெலண்ட் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றான். "நானும் அதை வாங்கிக்கிட்டேன்," என்றான், யாரிடமும் இல்லாமல். "அவன் மன்னிச்சான், நான் தேங்க்ஸ் சொன்னேன்."

ஹாலிஸ் எழுந்தார். என்ன சொல்வது என்று தெரியாமல், கையில் அகப்பட்ட நீள ஆக்‌ஷனை எடுத்துக் கெண்ட்ராவிடம் நீட்டினார். "உனக்கு நான் இதுல செஞ்சு தரேன்மா. ஆயிரம் தடவை நாலும் போட்டுப் பாத்துட்டுத் தரேன்."

அவள் அதைத் தொடவில்லை. அவர் முகத்தையும் பார்க்கவில்லை. லெலண்டின் சட்டைக் கையைப் பிடித்தாள். "வாங்க சித்தப்பா, போலாம்."

இருவரும் போனார்கள். துப்பாக்கி மேசைமேலேயே கிடந்தது. ஒருவரும் அதைத் திரும்பிப் பார்க்கவில்லை.

ஹாலிஸ் ஜன்னல் வழியே பார்த்தார். கெண்ட்ரா தீவன மூட்டையைத் தூக்கி வண்டியின் பின்னால் போட்டுவிட்டு ஓட்டுகிற பக்கம் ஏறினாள். லெலண்ட் அவள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். வண்டி வெகுநேரம் கிளம்பவில்லை. லெலண்ட் தன் வலது கையை முகத்துக்கு நேரே தூக்கிப் பார்த்தான். பிறகு வெறும் காற்றில் தூக்கினான், இழுத்தான், தள்ளினான், இறக்கினான். மறுபடி ஒரு தடவை. மறுபடி ஒரு தடவை. ஹாலிஸ் கடைசிவரை பார்த்துக்கொண்டே நின்றார். அந்தக் கை ஒரு தடவைகூடத் தடுக்கவில்லை.